ஜன்னலுக்கு ஒரு துணி

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது சுண்ணாம்பின் வாசம். அடித்துச் சில வாரங்களாகியும் ஈரம் முழுதாக விட்டுப் போகாத, மூக்கின் உள்ளே இலேசாக எரியும் வாசம். அதற்குப் பிறகுதான் அறை கண்ணுக்குத் தெரிந்தது.

ஆறடி அகலம், ஒன்பதடி நீளம் இருக்கலாம். நான்கு சுவரும் வெள்ளை. உயரத்தில் ஒரு சிறு ஜன்னல். அதில் நீலப் பூப்போட்ட திரை. தரையில் ஒரு பாய், மடித்து வைத்த தொழுகை விரிப்பு, மூடியிட்ட வாளி, ஒரு பிளாஸ்டிக் கோப்பை. பாயின் ஓரத்தில் வெள்ளை உடுத்த ஒரு பெண்.

“பாருங்க மிஸ்,” என்றார் பெண்கள் பகுதியின் மெட்ரன் மல்லிகா. சிங்கள ஓசையில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான் அவர் தமிழ் பேசுவார். “நாங்களே வெள்ளை அடிச்சது. கர்ட்டின் என்ட வீட்டில இருந்து கொண்டு வந்தது. நல்லம் தானே?”

நல்லம் என்றேன். உண்மையில் அதைவிட அதிகமாகவே நினைத்தேன். பாடசாலைக் காலம் முதல் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன், கேடயங்கள் வாங்கியிருக்கிறேன், அவை எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் வரிசையாக நிற்கின்றன. ஆனால் நான் பேசிய பேச்சு சுவராகவும் திரையாகவும் எழுந்து நின்றதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

வெள்ளை உடுத்த பெண் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். எங்கள் பேச்சில் அக்கா என்பது ராத்தா; அவரை றகீனா ராத்தா என்று அழைக்கிறேன். சொந்தப் பெயர் அதுவல்ல. இப்போது வெளியே வந்து வீட்டில் இருக்கும் அவரிடம், இதை எழுதலாமா என்று கேட்டபோது, பேரை மட்டும் போட வேண்டாம் என்றார்.

ஸலாம் சொன்னார். அதன் முதற்பாதி ஓசையில்லாமல் உதட்டில் மட்டும் அசைந்தது. இருமித் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். இருபத்து மூன்று நாட்களாக அவர் அந்த அறையில் தனியாக இருந்தார்.

அந்த அறையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்.

பார்ப்பவர்கள், எழுதுபவர்கள்

சட்டப் படிப்பின் இறுதிப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. சிறைச்சாலை எதுவென்று நான் எழுதப் போவதில்லை. கல்முனை பஸ் நிலையத்தில் ஏறி ஒரு நீண்ட உறக்கம் உறங்கி எழுந்தால் வந்துவிடும் தூரம் என்பது போதும்.

நான் சேர்ந்திருந்தது ஒரு சுயாதீனப் பார்வையாளர் குழு. சிறை நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர்களல்லர், கைதிகளின் வக்கீல்களுமல்லர், சம்பளமும் கிடையாது. மாதத்தில் ஒரு நாள் பெண்கள் பகுதிக்குச் செல்வோம். குழாயில் தண்ணீர் வருகிறதா, மலசலகூடக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, மாதாந்தத் துவாய்கள் கேட்காமலே கிடைக்கின்றனவா, நோயென்றால் வைத்தியரிடம் கொண்டு செல்கிறார்களா என்று பார்ப்போம். பெண்களோடு உத்தியோகத்தர்களின் காதுக்கு எட்டாத இடத்தில் பேசுவோம். பார்த்ததையும் கேட்டதையும் எழுதிக் கொடுப்போம்.

வழக்கு என்னவென்று மட்டும் கேட்கக்கூடாது. ஆகவே றகீனா ராத்தா எதற்காகத் தீர்ப்புக்கு முந்திய விளக்கமறியலில் இருந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது நல்லதென்று சில நாட்களில் தோன்றும். வேறு சில நாட்களில், ஒரு மனிதரை அறிந்துகொள்வதற்கு வேண்டிய பாதிக் கதையை யாரோ கிழித்து வைத்துக்கொண்டது போலத் தோன்றும்.

எழுதும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, கைதி கூறியது. மற்றது, குழுவின் கருத்து. முதற்கட்டத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் மட்டுமே இருக்க வேண்டும். பயிற்சி நாளன்று இதை ஐந்து தடவையாவது சொல்லியிருப்பார்கள். நான் அழகான கையெழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

என்னோடு வருபவர் வீரமுனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதி. பெயர் சறோஜினி என்றாலும், ஆஸ்பத்திரியில் அழைத்த பழக்கத்தில் எல்லோருக்கும் அவர் மிஸிதான். சிறைக்குள் கால் வைத்ததும் நேரே குழாயடிக்குப் போவார். குழாயைத் திறந்து, வாளி நிறைய எத்தனை நிமிடம் எடுக்கிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மனிதர்களின் வாய் பொய் சொல்லும், வாளி பொய் சொல்லாது என்பது அவரது கட்சி.

என்னைத் தெரிவு செய்தவர்களுக்கு வேண்டியிருந்தது தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் ஒரு பெண். கல்முனையில் நடந்த ஒரு விவாத அரங்கில் என்னைக் கேட்ட சட்டத்தரணி ஒருவர் பெயரைக் கொடுத்திருந்தார். பேச்சுக்காகத் தெரிவு செய்யப்பட்டவள், பேச்சே தன் கடமை என்று எண்ணியதில் வியப்பென்ன?

முதல் வரவு

முதல் வரவின்போது பெண்கள் மண்டபத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். நீண்ட மண்டபம், இரு சுவரோரமும் பாய்கள். மேற்குப் பக்கத்தில் பெரியதொரு ஜன்னல். அதன் கதவு எப்போதோ கழன்று போயிருந்தது. அந்த ஜன்னலுக்கு அப்பால் இருந்தது ஆண் கைதிகளை நீதிமன்ற பஸ்ஸுக்கு வரிசையாக நிறுத்தும் முற்றம்.

றகீனா ராத்தா அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டி அமர்ந்திருந்தார். முற்றத்தில் நிற்பவரின் கண் படாத ஒரே இடம் அதுதான். அந்த இடம் வேறொருத்தியுடையது, விட்டுக் கொடுத்திருந்தாள்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவரது கணவர் கல்முனை ஆஸ்பத்திரியில் மௌத்தாகியிருந்தார். ஜனாஸாவை அன்றே மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கிவிட்டார்கள். செய்தி சிறைக்கு வந்தது மறுநாள் காலையில். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவரை அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னார்களாம். திரும்பி வந்து, மீதிப் பருப்பையும் பொறுக்கி முடித்துவிட்டுத்தான் அழுதாராம்.

கணவனை இழந்த பெண் எங்கள் மார்க்கத்தில் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். அலங்காரமில்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை, தேவையின்றி வெளியே செல்வதில்லை. எங்கள் ஊர்களில் வெள்ளை உடுத்துவது வழக்கம். றகீனா ராத்தாவிடம் வெள்ளை இருக்கவில்லை. பௌர்ணமிப் போயா நாளில் சில் நோன்பு எடுப்பதற்கென்று மடித்து வைத்திருந்த தன் வெள்ளைச் சேலையைச் சோமா என்ற சிங்களப் பெண் கொடுத்திருந்தார். புத்தருக்கு முன் உடுத்த வேண்டியதை இத்தாவுக்கு உடுத்தியிருந்தார் ராத்தா.

பெண்கள் பகுதியின் உள்முற்றத்து வேப்ப மரத்தடியில் நாங்கள் பேசினோம். அரை மணி நேரத்தில் பெரும்பகுதி மற்றவர்களைப் பற்றியே சொன்னார். சோமாவுக்கு முழங்கால் நோவு. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரவில் பசி. தன்னைப் பற்றிக் கேட்டபோது சொன்னார்:

“ஒரு துணித்துண்டு கெடச்சா அந்த ஜன்னலுக்குப் போட்டுக்குவன் தங்கச்சி. காலையில ஆம்புளயள் நிக்கிற நேரம் மட்டுந்தான். மத்த நேரம் காத்து வேணும், எல்லாருக்கும்.”

குறிப்பேட்டில் எழுதினேன். எழுதும்போதே என் மனம் அவரை விட்டுப் போய்விட்டது. ஓர் உரையின் முதல் வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தது.

ஏழு நிமிடம்

ஒவ்வொரு வரவின் முடிவிலும் சிறை அத்தியட்சகரைச் சந்தித்து, கண்டதைச் சுருக்கமாகச் சொல்வோம். மிஸி தண்ணீரையும் துவாயையும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். பிறகு நான் எழுந்தேன். எழவேண்டிய தேவை இருக்கவில்லை. நாற்காலியில் இருந்தே பேசலாம். ஆயினும் எழுந்தேன்.

சிங்களத்தில் பேசினேன். துயரத்துக்கும் ஒரு மறைப்பு வேண்டும் என்று தொடங்கினேன். சட்டம் ஒரு பெண்ணின் நடமாட்டத்தைத் தடுக்கலாம், அவளது மார்க்கம் அவளுக்குத் தந்த தனிமையைத் தடுக்கலாகாது என்றேன். அரசியலமைப்பைத் தொட்டேன், மனச்சாட்சியைத் தொட்டேன், தாயைத் தொட்டேன். தாயைத் தொட்டால் எந்த நடுவரும் இளகுவார் என்பது விவாத மேடையின் பழைய பாடம்.

இளகினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தன் தாயும் இளம் வயதில் விதவையானவர் என்றார் அந்த அத்தியட்சகர். செய்யக்கூடியதைச் செய்வதாகச் சொன்னார். நல்ல மனிதர். அதுதான் இந்தக் கதையின் சிக்கலே. இதில் கெட்டவர் என்று விரல் நீட்ட எனக்கு ஒருவருமில்லை.

திரும்பும் பஸ்ஸில் மிஸி கடலைச் சரையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: “நல்லாத்தான் கதைச்சாய் பிள்ள. ஆனா மேடையப் போல நேரம் முடிஞ்சுது எண்டு மணி அடிக்க ஆளில்லாத இடத்தில உன்னை எழும்ப விடக்கூடா. ஏழு நிமிசம். நான் மணிக்கூட்டப் பாத்தனான்.”

சிரித்தேன். மடியில் வைத்து அறிக்கையை எழுதினேன். குலுங்கும் பஸ்ஸில் மிஸியும் கையெழுத்திட்டார்.

முறியுமா?

இப்போது மீண்டும் அந்த வெள்ளை அறைக்கு வருகிறேன்.

மெட்ரன் வெளியே சென்று கதவைச் சாத்தினார். மிஸி வழக்கம்போல் குழாயடிக்குப் போயிருந்தார். நான் பாயின் விளிம்பில் அமர்ந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை என்றார் றகீனா ராத்தா.

கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கொரோனாக் காலத்தில் புதிதாக வரும் பெண்களை ஒதுக்கி வைத்த அறை அது. மூன்று வேளையும் மெட்ரன் சாப்பாடு கொண்டு வருவார். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மண்டபம். முதல் சில நாட்கள் சோமா சுவரில் தட்டுவாராம். இவரும் திருப்பித் தட்டுவாராம். இத்தாவில் இருப்பவரைக் குழப்பக்கூடாதென்று மெட்ரன் கண்டித்தபின் அதுவும் நின்றுவிட்டது.

அத்தனை மறைவும் பதினான்கு நாளைக்கு ஒரு முறை கலைந்தது. விளக்கமறியலை நீடிப்பதற்காக அவரை நீதிமன்றம் கொண்டு போவார்கள். ஆண் கைதிகள் ஏறும் அதே பஸ். நடுவில் ஒரு கம்பி வலை.

“அந்த நாளையிலதான் ஆக்கள்ர மூஞ்சியக் காணுற,” என்றார்.

அதை முறைப்பாடாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. மண்டபத்துக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று கேட்டேன். அவர் தொழுகை விரிப்பின் குஞ்சத்தை விரலால் கோதிக்கொண்டிருந்தார். என்னையே திருப்பிக் கேட்டார்:

“நீங்க படிச்ச புள்ள. மார்க்கத்துல இப்பிடித் தனியத்தான் இரிக்கணும் எண்டு பெரியாக்களுக்கிட்ட செல்லியிருக்கீங்களாம். மெட்ரன் மிஸ் சென்னா. நானாக் கேட்டு வெளிய போனா இத்தா முறிஞ்சி போகுமா?”

சிறு வயதிலிருந்தே எந்தக் கேள்விக்கும் விடையில்லாமல் நான் நின்றதில்லை. விடை தெரியாவிட்டால் கேள்வியைத் திருப்பிவிடும் வித்தையாவது தெரியும். அன்று, கேட்டுவந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“மறுகா, அவ கஷ்டப்பட்டு அடிச்ச வெள்ள,” என்றார் கதவுப் பக்கம் கண்ணைக் காட்டி. “போறன் எண்டா மனம் நோகும். இரிப்பம். இன்னும் மூணு மாசந்தானே.”

மூன்று மாதம். அந்த ஆறடிக்கு ஒன்பதடியில். வெளியே வந்தபோது எனக்கு அந்தச் சுண்ணாம்பு வாசம் பிடிக்காமல் போயிருந்தது.

சாச்சி வீட்டுத் தேநீர்

பஸ் ஒவ்வோர் ஊராக நின்று நின்று வந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது சாய்ந்தமருதில் என் சிற்றன்னையான சாச்சி இத்தா இருந்தது நினைவுக்கு வந்தது.

வாசலில் வெள்ளைச் சீலை தொங்கியது. நிலைக்கண்ணாடியைப் பழைய துவாயால் மூடியிருந்தார்கள். அந்தத் துவாயில் ஒரு கிழிசல். அதன் வழியே என் ஒரு கண்ணை மட்டும் பார்த்துக்கொள்வது எனக்கு விளையாட்டு. உள்ளே பெண்கள். காலையில் ஒரு கூட்டம், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் இன்னொரு கூட்டம். ஒருத்தி யாசீன் ஓதுவாள். ஒருத்தி சாச்சியின் காலை நீவிவிடுவாள். ஒருத்தி மருமகளைப் பற்றி முறையிடுவாள். கேத்தல் கேத்தலாகத் தேநீர் போனது. சுமந்தவள் நான். ஒரு நாள் யாரோ சொன்ன பகிடிக்குச் சாச்சியே சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அழுதார். அழுததைப் பார்த்து மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தெருவிலேயே அதிக ஓசை எழுந்தது இத்தா வீட்டில்தான்.

இத்தா வீட்டில் நான் ஒருபோதும் ஒரு பெண்ணைத் தனியாகக் கண்டதில்லை.

அப்படியானால், ‘மார்க்கம் தந்த தனிமை’ என்று அத்தியட்சகரின் முன் முழங்கினேனே, அதை எங்கிருந்து எடுத்தேன்? எந்த நூலிலிருந்தும் அல்ல. அந்தச் சொல் அந்த வாக்கியத்தில் அழகாக உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

குறிப்பேட்டைத் திறந்தேன். வேப்ப மரத்தடியில் எழுதிய பக்கத்தில் இருந்தது: ஜன்னலுக்கு ஒரு துணி. காலையில் மட்டும். கைப்பையில் இருந்த அறிக்கைப் பிரதியை எடுத்து அருகில் வைத்தேன். கைதி கூறியது என்ற கட்டத்தில், என் அழகான கையெழுத்தில்: ‘இத்தாக் காலத்துக்குரிய தனிமையைக் கோருகிறார்.’

இரண்டையும் மிஸியிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு தடவை வாசித்தார். பகிடி ஏதாவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் என் மடியில் திருப்பி வைத்தார்.

“நானும்தானே கையெழுத்து வெச்சன்,” என்றார். “இண்டைக்கும் அந்த அறைக்குள்ள தலையப் போட்டுப் பாத்தனான். சுத்தமா இருக்கு எண்டு சந்தோசப்பட்டன். தண்ணி இருக்கா எண்டு பாத்தன் பிள்ள. ஆக்கள் இருக்கா எண்டு பாக்கல்ல.”

இரண்டு விடைகளும் ஒரு கடிதமும்

அந்த வாரம் முழுவதும் நான் விடை தேடி அலைந்தேன்.

பள்ளிவாசல் மௌலவி ஒருவரிடம் உம்மாவை அனுப்பிக் கேட்பித்தேன். கணவரின் மரணச் செய்தி எந்த இடத்தில் வந்தடைந்ததோ அந்த இடத்திலேயே பெண் இத்தா இருப்பது முறை. அப்படிப் பார்த்தால் மண்டபமே அவரது இடம் என்று சொல்லியனுப்பினார். கேட்டதும் எனக்குள் இருந்த விவாதி துள்ளி எழுந்தாள். எவ்வளவு கூர்மையான வாதம்! மண்டபத்திலிருந்து அறைக்கு மாற்றியதே பிழையாகிவிடுகிறதே!

பிறகு மருதமுனையில் பெண்களுக்கு ஓதிக் கொடுக்கும் ஆலிமாவிடம் நானே போனேன். அவர் வேறு விதமாகச் சொன்னார். அவரது இடம் அவரது வீடு. சிறை என்பது நிர்ப்பந்தம். நிர்ப்பந்தத்தில் அறையென்ன, மண்டபமென்ன, இரண்டாலும் இத்தா முறியாது. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, அந்தப் பெண்ணுக்கு ஸலாம் சொல்லுங்கள் என்றார்.

எது சரி? இன்றும் எனக்குத் தெரியாது. மண்டபத்தில் இருந்தால் இத்தா முறியாது என்பதில் இரண்டு விடையும் ஒன்றுபட்டன. அதை மட்டும் பற்றிக்கொண்டேன்.

அத்தியட்சகருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குழுவின் எழுத்துமூலப் பரிந்துரையின் பேரில் செய்த ஒழுங்கு அது, வாய்ப்பேச்சில் மாற்ற முடியாது என்றார். முன்னைய பரிந்துரை பிழையென்று நீங்கள் எழுத வேண்டும். அல்லது அந்தப் பெண் தானாகக் கேட்டு எழுதித் தர வேண்டும்.

அவர் எழுதித் தரமாட்டார். பாவமாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வெள்ளையடித்த கையை நோகடிக்கும் கூச்சம் மறுபக்கம்.

ஆகவே நான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம் வந்தது. சிறைச்சாலைகளின் மனிதாபிமானம் பற்றி ஒரு முன்னுரை இருந்தது. பிழை நேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தேன். யார் செய்தது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கிழித்தேன்.

இரண்டாவது வரைவில் இரண்டு வாக்கியம். ‘சென்ற அறிக்கையில் கைதி சொல்லாததை அவர் சொன்னதாக நான் எழுதினேன். அவர் கேட்டது ஜன்னலுக்கு ஒரு துணி.’ விவாத மேடையில் எதிரணியின் ஒரு குறிப்பைக்கூட ஒப்புக்கொண்டவளல்ல நான்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ‘அவர் மண்டபத்துக்குத் திரும்ப விரும்புகிறார்’ என்று எழுதினேன். எழுதிய கணமே பேனாவை வைத்துவிட்டேன். விரும்புவதாக அவர் சொன்னாரா? இல்லை. கேட்டேன், குஞ்சத்தைக் கோதினார். மறுபடியும் அவர் வாய்க்குள் என் சொல்லை வைக்கிறேன். ஆனால் அவர் சொல்லும்வரை காத்திருந்தால் மூன்று மாதமும் அந்த அறைக்குள் போய்விடும். சொல்லாததை எழுதுவது பிழை. சொல்லவில்லை என்பதற்காக விட்டுவிடுவது பிழையில்லையா? அஸர் பாங்கு சொல்லி, வெளிச்சம் மேசையை விட்டு இறங்கிப் போகும்வரை அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இப்படி எழுதினேன்: ‘அவரை மண்டபத்தில் மீளச் சேர்க்குமாறு கேட்பவள் நான். இதை அவரது கோரிக்கையாகக் கொள்ள வேண்டாம். அவர் மறுத்தால் அறையிலேயே இருக்கலாம்.’

பாவமென்றால் என் கணக்கில் வரட்டும். மனம் நொந்தால் மெட்ரன் என்னை நோகட்டும். இதைக் கடிதத்தில் நான் எழுதவில்லை. மிஸியிடம் கையெழுத்துக்குக் கொண்டு போனபோது அவர் இம்முறை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். “சின்னக் கடிதம்,” என்றார். “உனக்குக் காய்ச்சலா?”

மூன்றாம் வரவு

அடுத்த மாதம் போனபோது மெட்ரன் மல்லிகா எங்களுக்குத் தேநீர் கொண்டு வரவில்லை. முன்னிரு தடவையும் கொண்டு வந்தவர். “கர்ட்டின் கழுவித்தான் போட்டது,” என்று மட்டும் என் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார்.

மண்டபத்தின் மேற்கு ஜன்னலில் நீலப் பூத் திரை தொங்கியது. பகலென்பதால் ஒரு பக்கமாக ஒதுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். காற்று தாராளமாக வந்தது. அதன் கீழே றகீனா ராத்தா, சோமாவின் நீட்டிய காலருகே அமர்ந்திருந்தார். கடிதம் போய் நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டாராம். யாரும் எதுவும் கேட்கவில்லை. வா என்றார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தேன் என்றார்.

வேப்ப மரத்தடிக்குப் போனோம். முறியாது என்று ஆலிமா சொன்னதையும், ஸலாம் சொன்னதையும் சொன்னேன். ஸலாத்துக்குப் பதில் சொன்னார். அவர் குரல் இப்போது தேடாமலே வந்தது. இப்போது நிம்மதிதானே என்று கேட்டேன். அப்படிக் கேட்கும்போதே, ஆம் என்ற விடையைத்தான் எதிர்பார்த்தேன்.

ராத்தா ஒரு வேப்பம்பழத்தை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“அந்த அறயில அழ ஏலும் தங்கச்சி,” என்றார். “ஆரும் பாக்க மாட்டாங்க. இங்க நான் அழுதா சோமாவும் அழுவா. மறுகா அவவ நான் தேத்தணும். அவர நினைக்கிறதுக்கு நேரமே கெடைக்கிதில்ல.”

“அப்ப எது நல்லம் ராத்தா? அங்கயா, இங்கயா?”

“எனக்கென்ன தெரியும்?” என்று சிரித்தார். “அங்க இரிக்கக்குள்ள இங்க நல்லம். இங்க இரிக்கக்குள்ள...”

என் கை தானாகவே படிவத்தின் முதற்கட்டத்துக்குப் போயிருந்தது. அவருடைய சொற்கள், அவருடைய வாயிலிருந்து வந்தபடியே. இம்முறை ஒன்றைக்கூட மாற்றாமல் எழுத வேண்டும் என்று பேனாவைத் திறந்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இத எழுதிராதீங்க புள்ள. எழுதினா மறுகா அங்க கொண்டு போட்டுருவாங்க. இது சும்மா ஒங்களுக்கிட்டச் சென்ன.”

அப்படியானால் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, பாடசாலையில் சொல்வதெழுதல் சொல்லும் ஆசிரியையைப் போல, நான் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அன்றைய அறிக்கையில், கைதி கூறியது என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது:

‘சோமாட முழங்காலுக்குப் பூச ஒரு தைலம் வேணும்.’